பாடக்குறிப்பு 9 பக்கம், வகுப்பில் தாங்கியது 10 நிமிடம்

சாக்பீஸ்தூசி:

பி.எட். படிக்கிறேன், கணக்கு. இந்த வாரம்தான் கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆறாம் வகுப்பு, பகுதி வேறுவேறாக உள்ள பின்னங்களின் கூட்டல். பாடக்குறிப்பு 9 பக்கம் எழுதினேன். பொது நோக்கம், சிறப்பு நோக்கம், ஊக்குவித்தல், ஆசிரியர் செயல், மாணவர் செயல், மதிப்பீடு எல்லாம் ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி. வழிகாட்டி ஆசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, மார்ஜின் கோணலாக இருந்த ஒரு பக்கத்தை மட்டும் திரும்ப எழுதச் சொன்னார்.

வகுப்பில் 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னேன். முதல் பெஞ்சுப் பையன் எழுந்து 2/5 என்றான். "தப்பு, உட்கார். வேற யாரு?" என்றேன். அடுத்தவளும் 2/5. நாலாவது ஆளும் அதையே சொன்னதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. குறிப்பில் "மாணவர்கள் சரியான விடையைக் கூறுகின்றனர்" என்று எழுதியிருந்தேன். கூறாவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. கடைசியில் நானே மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுத்து 5/6 என்று போர்டில் எழுதி, எல்லோரும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மணி எப்போது அடிக்கும் என்று நின்றிருந்தேன்.

பியாஜே, வைகாட்ஸ்கி, புளூம் என்று கற்றல் பற்றிக் கோட்பாடு சொன்னவர்கள் எல்லோரையும் படித்து நல்ல மார்க்தான். அந்த ஒரு நிமிடத்தில் ஒருவரும் உதவிக்கு வரவில்லை. இந்தப் படிப்பு வேலைக்கு ஆகுமா, இல்லை ரெக்கார்டு முடிப்பதற்குப் பேர்தான் பி.எட்.டா?

கடைசிபெஞ்ச்:

எங்கள் செட்டிலும் இதே கதைதான். மைக்ரோ டீச்சிங்கில் (ஆறு நிமிடம் மட்டும் பாடம் நடத்திப் பழகும் பயிற்சி) கூடப் படிக்கிறவர்களே பிள்ளைகளாக உட்கார்ந்து, கேள்வி முடிவதற்குள் சரியான பதிலைச் சொல்லிக் காப்பாற்றிவிட்டார்கள். ரெக்கார்டை முடி நண்பா, மற்றதை வேலைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பழையகரும்பலகை:

தம்பி, நாலு பேரும் ஒரே தப்பைச் சொன்னது உங்கள் அதிர்ஷ்டம். ஆளுக்கொரு விடை வந்தால் அது வெறும் குத்துமதிப்பு. எல்லோரும் ஒன்றையே சொன்னால் அதற்குள் ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு வட்டம் வரைந்து இரண்டாகப் பிரித்து ஒரு துண்டுக்கு வண்ணம் அடியுங்கள். பக்கத்தில் அதே அளவில் இன்னொன்று, மூன்றாகப் பிரித்து ஒன்றுக்கு வண்ணம். இப்போது எண்ணுங்கள். வண்ணம் அடித்தது 2, மொத்தத் துண்டு 5. "மொத்தத்தில் எத்தனை" என்றுதானே பின்னத்தையே அறிமுகப்படுத்தினோம்? அந்தப் பையன் சொன்னதை ஒழுங்காகக் கேட்டிருக்கிறான். ஒரு வட்டம்தான் முழுசு என்பதை விட்டுவிட்டு இரண்டையும் சேர்த்து ஒரே முழுசாக ஆக்கிவிட்டான், அவ்வளவுதான்.

அவனை உட்காரச் சொல்லாமல், "சரி, 2/5 பெரிசா, 1/2 பெரிசா?" என்று கேட்டிருக்கலாம். 10 செ.மீ. தாள் பட்டை ஒன்று போதும். பாதி 5 செ.மீ., ஐந்தில் இரண்டு 4 செ.மீ. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு எப்படி அரையைவிடக் குறைந்தது? இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், அவர்களே அடித்துக்கொள்வார்கள். அப்புறம் 6 கட்டம் உள்ள பட்டை. அதில் பாதி 3 கட்டம், மூன்றில் ஒன்று 2 கட்டம். மீ.சி.ம. அதற்குப் பிறகு வரட்டும், அவசரமில்லை.

என் முதல் வருடத்தில் 2/5 சொன்ன ஒரு பெண்ணைச் சரியான விடையை 5 தடவை எழுதிவரச் சொன்னேன். முத்து முத்தாக எழுதிவந்தாள். பரீட்சையில் மறுபடியும் 2/5.

படித்தது வீண் என்று நினைக்க வேண்டாம். பாடம் தெரிவது ஒன்று, கற்பிக்கும் முறைகள் தெரிவது இன்னொன்று. இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே இடறுவார்கள், எதைக் காட்டினால் பிடிபடும் என்று தெரிவது இரண்டும் கலந்த தனி அறிவு என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் 1980களில் எழுதினார். முதல் இரண்டுக்கும் தாள் தாளாகப் பரீட்சை இருக்கிறது. மூன்றாவதற்கு உங்கள் குறிப்பில் இடம் இருக்கிறது, "மாணவர் செயல்" என்ற பத்தி. பயிற்சி வகுப்புகளைப் பார்வையிடப் போகும்போது அதைத்தான் முதலில் பார்ப்பேன். "கவனிக்கின்றனர்", "விடை கூறுகின்றனர்", "குறித்துக்கொள்கின்றனர்" என்று இருக்கும், வகுப்புக்கே ஒரே வாய் போல. அதை அடித்துவிட்டு, வரக்கூடிய தப்பு விடை இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று என்று எழுதுங்கள். 9 பக்கம் 3 பக்கம் ஆகிவிடும். (ரெக்கார்டுக்குக் கட்டம் கட்டிய நோட்டையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் விடமாட்டார்கள்.)

கடைசிபெஞ்சுக்கு ஒன்று. மைக்ரோ டீச்சிங் 1960களில் ஸ்டான்போர்டில் தொடங்கியபோது நிஜப் பள்ளி மாணவர்களை உட்கார வைத்துத்தான் நடத்தினார்கள். கூடப் படிக்கிறவர்களை உட்கார வைப்பது வசதிக்காக வந்த ஏற்பாடு. அப்படியே செய்தாலும், ஒவ்வொருவர் கையிலும் ஒரு தப்பு விடையைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து, லேசில் விட்டுக்கொடுக்காதே என்று சொல்லுங்கள். அந்த ஆறு நிமிடத்தில் வியர்த்துவிடும்.

அறிவியல்அக்கா:

ஐயா சொன்ன "சும்மா இருங்கள்" என்பதுதான் கஷ்டம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை வைத்து ஆராய்ந்ததில், கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக 1 வினாடிதான் காத்திருந்தார். அதை 3 வினாடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். இதில் நிறையப் பேர் மறப்பது, பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் அதே 3 வினாடி வேண்டும் என்பது. நீங்கள் "தப்பு" என்று சொன்னது எத்தனையாவது வினாடியில் தம்பி?

சாக்பீஸ்தூசி:

அரை வினாடிகூட இருக்காது அக்கா.

இன்று பக்கத்து செக்‌ஷனில் அதே பாடம், பட்டையோடு போனேன். 2/5 வந்தது, உடனே வந்தது. மனசுக்குள் எண்ணினேன், இரண்டிலேயே வாய் திறந்துவிட்டது. ஆனால் "தப்பு" என்று சொல்லவில்லை, பட்டையை மடிக்கச் சொன்னேன். ஒரே சத்தம். ஒருத்தி மட்டும் இரண்டு வட்டத்தையும் வரைந்து வைத்துக்கொண்டு, "2/5 குறைச்சல்னு புரியுது சார், ஆனா நான் எண்ணினது சரிதானே?" என்றாள். மணி அடித்துவிட்டது. நாளைக்கு அவளுக்கு என்ன சொல்வது ஐயா?

பழையகரும்பலகை:

எண்ணினது சரி என்று சொல்லுங்கள். எதில் ஐந்து என்று அவளையே கேளுங்கள்.