ரென்ட் சீக்கிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரிப் பாடநூல் ஒன்றில் அரசியல் பொருளாதாரம் பற்றிய இயலை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ரென்ட் சீக்கிங் என்ற இடத்தில் நிற்கிறது. புதிதாக எதையும் உற்பத்தி செய்யாமல், அரசு தரும் உரிமம், தடை, ஏகபோகம் இவற்றைத் தன் பக்கம் திருப்பி வருமானம் பார்ப்பதற்காகச் செலவிடுவது என்று பொருள். 'வாடகை தேடல்' என்று போட்டால் மாணவர் வீடு தேடுவதாக நினைப்பார். உதவுங்கள்.

-----

அன்புள்ள தம்பி,

பொருளியலறிஞர் ரிக்கார்டோவின் ரென்டுக்கு, அதாவது நிலம் உடையவருக்கு நிலத்தால் வரும் வருமானத்துக்கு, பாடநூல்களில் 'வாரம்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. விளைச்சலில் நிலக்கிழார் பங்கு மேல்வாரம், உழுபவர் பங்கு குடிவாரம் என்று வழங்கிய சொல்தான். ஆகவே 'வார நாட்டம்' என்க. தொடர்பும் பொருத்தமானது: 1815இல் நிலக்கிழார்களின் கை ஓங்கியிருந்த இங்கிலாந்து நாடாளுமன்றம் வெளிநாட்டுத் தானியத்தைத் தடுத்துச் சட்டம் போட்டது, விலை விழாமல் காத்து அதன் வழியே நிலவாரத்தைக் காப்பதற்காக. 1846இல்தான் அதை நீக்க முடிவெடுத்தார்கள்.

இன்னொன்று. 'அரசியல் பொருளாதாரம்' என்று எழுதாதீர்கள். 'ஆதாரம்' வடசொல். புணர்ச்சியோடு 'அரசியற்பொருளியல்' என்றே எழுதுங்கள்.

-----

ஐயா, வாரம் என்றால் இன்று ஏழு நாள்தானே நினைவுக்கு வரும்?

குறள் 756இல் 'உறுபொருளும் உல்கு பொருளும்' என்று வருகிறதே, உடையவர் இல்லாமல் தானே வந்து சேர்ந்தது உறுபொருள் என்பது பரிமேலழகர் உரை. உழைப்பில்லாமல் வருவது. அதோடு தொல்காப்பிய உரியியலில் 'உறு தவ நனி' மூன்றும் மிகுதியைக் குறிக்கும். ஒரு வளத்தை அந்த வேலையில் நிறுத்திவைக்கத் தேவையானதற்கு மேல் கிடைக்கும் மிகுதிதானே ரென்ட்! ஒரே சொல்லில் இரண்டு பொருளும் அமைகின்றன. 'உறுபொருள் வேட்டை' என் பரிந்துரை.

-----

அக்கா, சொல் அழகு, ஆனால் பொருந்தவில்லை. உறுபொருள் தானாக வருவது. இங்கே தானாக வராததை வரவழைக்கப் பணத்தைக் கொட்டுகிறார்கள். பொருளாதார அறிஞர் கார்டன் டல்லக் 1967இல் சுட்டிக்காட்டியது அதைத்தான்: ஏகபோகத்தால் விலை ஏறி மக்கள் இழப்பது ஒரு பக்கம், அந்த ஏகபோகத்தைப் பிடிக்க நடக்கும் போட்டியில் கரையும் பணமும் உழைப்பும் இன்னொரு பக்கம், அதில் தோற்றவர் செலவழித்ததும் சேர்ந்தே போகிறது. ரென்ட் சீக்கிங் என்று பெயர் வைத்தவர் ஆன் குரூகர் என்ற பொருளாதார அறிஞர், 1974இல். இறக்குமதி உரிமம் முதலான கட்டுப்பாடுகளால் உருவான ரென்ட் 1964இல் இந்தியாவின் தேசிய வருமானத்தில் 7.3 விழுக்காடு என்று மதிப்பிட்டார்.

அப்புறம், லஞ்ச வாடை அடிக்கும் சொல்லும் கூடாது. இதில் எவ்வளவோ சட்டப்படியே நடக்கிறது, வழக்கறிஞர் வைத்து, மனுப் போட்டு, தேர்தல் நிதி கொடுத்து. கடைத்தெருவில் போட்டியிடுவதைவிடச் சட்டம் எழுதுகிற இடத்தில் போட்டியிட்டால் கூடுதல் லாபம் என்று ஆகிவிட்டால் திறமைசாலிகள் அங்கேதான் போவார்கள். அரசியலையும் பொருளாதாரத்தையும் தனித்தனி இயலாகப் படிப்பவர் கண்ணில் இது படவே படாது, அதனால் மாணவருக்குப் பார்த்ததும் புரிகிற சொல் வேண்டும். 'சலுகை வேட்டை'.

-----

> 'சலுகை வேட்டை'

முதியோருக்குக் கட்டணத்தைக் குறைப்பதும் சலுகைதான். ஏழை கேட்கும் மானியத்தையும் பெருநிறுவனம் பிடிக்கும் ஏகபோகத்தையும் ஒரே சொல்லில் அடைக்கலாமா? 'தனிச்சலுகை வேட்டை' என்றாவது இருக்கட்டும்.

-----

எல்லோருக்கும் நன்றி. சலுகை வேட்டைக்கே கூடுதல் ஆதரவு என்பதால், 'தனி'யையும் சேர்த்துத் 'தனிச்சலுகை வேட்டை' என்று போடுகிறேன். முதல்முறை வரும்போது ரென்ட் சீக்கிங் என்றும் பக்கத்தில் இருக்கும்.

-----

தம்பி, என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். முந்தைய இயலில் ரிக்கார்டோவின் வாரத்தைப் படித்த மாணவர், இங்கே வேறு சொல்லைக் கண்டால் இரண்டும் ஒரே கருத்தின் தொடர்ச்சி என்று அறிய வழியில்லை. அரசியற்பொருளியலையாவது ஏற்றுக்கொள்ளுங்கள்.