மறு: ஷிகிகமி – ஏவலாவியா, ஏவுபூதமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பானியக் கதைகளில் வரும் ‘ஷிகிகமி’ என்ற ஏவல் செய்யும் பூதத்துக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: ஏவலாவி, குட்டிச்சாத்தான், குறளி, ஏவுபூதம். ஐந்தாவதாக ஏவற்பூதம் என்ற ஒன்றை முன்வைக்கிறேன். ஏவுபூதத்துக்கும் அதற்கும் ஓரிரு எழுத்துதான் வேறுபாடு, ஆனால் அதில் நிறைய இருக்கிறது என்று நம்புகிறேன்.

முதலில் மூலச்சொல். ஜப்பானிய ஒலிப்பில் இந்தச் சொல்லில் எல்லாமே குறில். ‘ஷிகிகாமி’ என்று நீட்ட வேண்டாம். ‘ஷிகி’ என்றால் முறை, சடங்கு, விதி. ‘கமி’ என்றால் தெய்வம். குறி பார்த்துச் சடங்கு செய்யும் ஒன்மியோஜி ஏவினால் போய்ச் செய்துவிட்டு வருவது ஷிகிகமி. ஒன்மியோஜிகள் ஊருக்கு வெளியே ஒளிந்து வாழ்ந்த மந்திரவாதிகள் அல்லர். ஜப்பானில் பழைய ஹெயான் காலத்து அரசில் அவர்களுக்கென்று தனி அலுவலகமே இருந்தது. பஞ்சாங்கம் கணிப்பதும் வான்குறி பார்ப்பதும் அதன் வேலை.

> ஏவலாவி எளிதாகப் புரிகிறதே?

புரிகிறது, ஆனால் தவறாகப் புரிகிறது. ஆவி என்றதும் செத்தவர் நினைவுதான் நமக்கு வரும். ஷிகிகமி செத்தவருடைய ஆவி அன்று. குட்டிச்சாத்தானுக்குக் கேரளத்தில் கோயிலும் வழிபாடும் உண்டு. அது ஒரு தெய்வத்தின் பெயர், பொதுச்சொல் ஆகாது. குறளி அழகான பழஞ்சொல். ஆனால் குறளி என்றால் வித்தைக்காரனும் குறிசொல்வதும் கூடவே வந்துவிடுகின்றன.

> ஏவுபூதம் வினைத்தொகையாகச் சுருக்கமாக இருக்கிறது

இங்கேதான் நான் வேறுபடுகிறேன். ‘ஏவுபூதம்’ காதில் விழுந்ததும் ‘ஏவுகணை’ நினைவுக்கு வருகிறது. கணைக்குக் காது கிடையாது. விட்ட திசையில் போகும், விழும். ஷிகிகமி அப்படியா என்பதுதான் இந்தக் கதைகளின் மையக் கேள்வியே. விடையை நம் சொல்லே முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது.

பழைய நூல்களைப் பாருங்கள். அபே நோ செய்மெய் (921–1005) என்ற புகழ்பெற்ற ஒன்மியோஜியைப் பற்றி ‘ஓககமி’ என்ற பழைய வரலாற்றுக் கதைநூல் ஒரு காட்சி சொல்கிறது. 986இல் கசன் பேரரசர் இரவோடு இரவாக அரியணை துறந்து போகிறார். வான்குறியால் அதை அறிந்த செய்மெய், ஒரு ஷிகிகமியை அரண்மனைக்குப் போகச் சொல்கிறார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கதவைத் திறந்து வெளியே பார்க்கிறது. ‘இதோ, இப்போதுதான் வீட்டு முன்னால் போகிறார்’ என்று பதில் சொல்கிறது. ஏவியது ஒன்று, அது கண்டு சொன்னது வேறொன்று. கணை இப்படி வாய் திறக்காது.

‘கொன்ஜாக்கு’ கதைத் தொகுப்பில் இதற்கு நேர்மாறான ஒன்று வருகிறது. செய்மெயைச் சோதிக்க ஒரு முதியவர் இரண்டு சிறுவர்களோடு வருகிறார். சிறுவர்கள் ஷிகிகமிகள் என்று செய்மெய் கண்டுகொள்கிறார். கைகளைச் சட்டைக்குள் வைத்தபடியே மந்திரம் சொல்லி அவர்களை மறைத்துவிடுகிறார். முதியவர் திரும்பி வந்து கெஞ்சிய பிறகுதான் விடுகிறார். அந்தச் சிறுவர்கள் எங்கே இருந்தார்கள், என்ன நினைத்தார்கள் என்று கதையில் ஒரு சொல்லும் இல்லை. இன்றைய புனைவு எழுதுகிறவர்கள் நுழைவது அந்த மௌனத்துக்குள்தான்.

என் பரிந்துரை ஏவற்பூதம். ஏவலைச் செய்யும் பூதம். செய்வது பூதம், அந்த வினைக்குரிய இடம் அதற்குக் கிடைக்கிறது. நம் இலக்கணத்தில் இதற்குக் கருவியே இருக்கிறது. ‘அரசன் கோயில் கட்டினான்’ என்பதில் அரசன் ஏவுதற்கருத்தா, ‘தச்சன் கட்டினான்’ என்பதில் தச்சன் இயற்றுதற்கருத்தா. ஒன்மியோஜி ஏவுதற்கருத்தா, ஷிகிகமி இயற்றுதற்கருத்தா. தச்சனும் கருத்தாதான், உளி மட்டுமே கருவி. தவிர, ‘ஏவல்’ வினை முன்னிலைக்கே உரியது. எதிரே ஒரு ‘நீ’ இருந்தால்தான் ‘போ’ என்று சொல்ல முடியும்.

பூதம் என்றால் பயங்கரமான அடிமை என்று ஒருவர் எழுதியிருந்தார். சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையை மீண்டும் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் பிடித்துக்கொள்ள, அவனுக்காகக் கோவலன் தன் உயிரைக் கொடுக்க முன்வருகிறான். பூதம் மறுக்கிறது: ‘நரகன் உயிர்க்கு நல்லுயிர் கொண்டு பரகதி இழக்கும் பண்பு ஈங்கு இல்லை.’ தனக்கும் ஒரு பரகதி உண்டு, அதை இழக்க மாட்டேன் என்று சொல்கிற பூதம் அது. தன்விருப்பத்துக்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் தேடப் போவதில்லை.

அடுத்தது திணைச் சிக்கல். ஜப்பானியத்தில் உயிருள்ளதற்கு ‘இரு’, உயிரற்றதற்கு ‘அரு’ என்று இருத்தல் வினை பிரியும் (நம் ‘இரு’வோடு ஒலி ஒத்திருப்பது தற்செயல்). தமிழில் ஒவ்வொரு வினைமுற்றிலும் முடிவெடுத்தாக வேண்டும்: வந்ததா, வந்தானா? நன்னூல் ‘மக்கள் தேவர் நரகர் உயர்திணை’ என்று வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. ஏவற்பூதம் என்ற சொல்லோடு அஃறிணை முடிவு இயல்பாக வரும். அது தனக்கென்று பேசத் தொடங்கும் இடத்தில் ‘அவன்’, ‘அவள்’ என்று மாற்றிக்கொள்ள மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் இடம் தருகிறது. மூலத்தில் கிடைக்காத வசதி இது, தயங்காமல் பயன்படுத்தலாம்.

கூடவே இரண்டு துணைச்சொற்கள். ஷிகிகமி குடியேறும் மனித வடிவத் தாளுக்குத் தாட்பாவை. தாள் கிழிந்தபின் வேறு தாளில் எழுவது அதே பூதமா, வேறா என்று கதை கேட்கும்போது உடலையும் உள்ளிருப்பதையும் பிரித்துச் சொல்ல இது கட்டாயம் வேண்டும். பெயரிட்டு வசப்படுத்தும் உடன்படிக்கைக்குப் பெயர்க்கட்டு. ‘கட்டு’ நம் ஊர் மாந்திரிகர் வாயில் இன்றும் புழங்கும் சொல். கட்டவிழ்த்தல் என்று நீட்டவும் எளிது.

ஐரோப்பியச் சூனியக்காரிக்கு ஏவல் செய்யும் பூனைக்கும் இதே சொல் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. ஜப்பானியரே அதற்கு ‘த்சுகைமா’ என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். அதைத் தனி இழையில் பேசுவோம். தாட்பாவையில் ‘தாள்’ பாதத்தையும் குறிப்பதால் மயக்கம் வருமா என்று மட்டும் இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.