புதுப்பிப்பு: கெப்பின் பின்பக்கத்துக்கு எயார்பேக் பூட்டியாயிற்று

உதவிய எல்லோருக்கும் நன்றி. டபுள் கெப் பிக்கப்பில் படகு ட்ரெயிலரைக் கொழுவினால் பின்பக்கம் பதிந்து, முன் லைற் பனை வட்டில் போய் அடிக்கிறது. எயார்பேக் (விபத்துக்கு விரிகிறதல்ல, பின்பக்கத்தைத் தாங்குகிற காற்றுப்பை) போடுவதா, ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டுவதா என்று கேட்டிருந்தேன்.

எயார்பேக்தான் போட்டேன். பட்டை கூட்டினால் வெறும் வண்டியும் விறைத்துக்கொண்டுதான் ஓடும். வண்டியின் அடிச்சட்டமான சேஸிக்கும் பட்டை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவே நிற்கிற வகை இது. இரண்டு பைக்கும் தனித்தனிக் குழாய் விடச் சொன்ன அண்ணை சொன்னதுதான் சரி: ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் காற்று மற்றப் பக்கம் ஓடி வண்டி இன்னும் சாயும். ட்ரெயிலரைக் கழற்றிய பிறகும் பையில் 5 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் விட்டுவைக்கிறேன். அடியோடு இறக்கினால் பை மடிந்து உரசிக் கிழியும்.

எதிர்பாராத சங்கதி ஒன்று, வலப்பக்கம் ஒரே இரவில் இறங்கிவிட்டது. சவர்க்கார நுரை பூசினால் குழாய் முனையில் குமிழி. கத்தியால் சரிவாக வெட்டிச் செருகியிருக்கிறார்கள்! நேராக வெட்டியதும் நின்றது.

அப்புறம், ட்ரெயிலர் மூக்கை, அதாவது வண்டியில் கொழுவுகிற முனையை, வெங்காயம் நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தேன். மொத்தம் 900 கிலோவுக்கு மூக்கில் மட்டும் 140. படகை ஒன்றேகால் அடி பின்னே தள்ளி 90க்குக் கொண்டுவந்தேன். முதலில் 25 பி.எஸ்.ஐ. தேவைப்பட்டது, இப்போது 18 போதும். பை வாங்குவதற்கு முன்பே இதைச் செய்திருக்கலாம். பை போட்டதற்காகக் கூடுதல் பாரம் ஏற்றக் கூடாது, வண்டியின் எடை எல்லை பழையதுதான்.

நேற்று இரவு பண்ணைப் பாலம் தாண்டி ஊர்காவற்றுறை வரை இழுத்தேன். எதிரே வந்த ஒருவரும் லைற் அடித்துத் திட்டவில்லை.