சேந்தமங்கலத்துச் சிறைக்குப் பின் மூன்றாம் இராசராசன்

குடந்தைவாசி கேட்கிறார்:

அவையோருக்கு வணக்கம். தனக்கு அடங்கியிருந்த காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கனிடமே தெள்ளாற்றில் தோற்றுச் சேந்தமங்கலத்தில் சிறையிருந்த சோழ மன்னன் மூன்றாம் இராசராசன், 1231ஆம் ஆண்டளவில் கன்னட நாட்டுப் போசளர் படையால் மீட்கப்பட்டு மீண்டும் அரியணை ஏறினான் என்று படிக்கிறோம். சிறையில் அழியாத அவனது அரசு, அதன் பின்னர் ஏன் தலைதூக்கவேயில்லை?

கொள்ளிடத்தான்:

அந்த மீட்பை விவரிக்கும் திருவயிந்திரபுரக் கல்வெட்டைப் படித்துப் பாருங்கள் ஐயா. போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் ஏவிய படைத்தலைவர்களான அப்பண்ணனும் சமுத்திர கோப்பையனும் காடவனின் ஊர்களை ஒவ்வொன்றாக அழித்துச் சேந்தமங்கலத்தை நெருங்கிய பிறகே அவன் சோழனை விடுவிக்க இசைந்தான். அத்தனை நீண்ட செய்தியில் சோழன் தானாகச் செய்ததாக ஒரு வினையும் இல்லை. ஆயினும் கல்வெட்டின் தொடக்கத்தில் திரிபுவனச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தோடு அவனுடைய ஆட்சியாண்டுதான் பொறிக்கப்பட்டிருக்கிறது. (இதைவிடக் கூர்மையான ஏளனத்தை எந்தப் பகைவனும் எழுதியிருக்க முடியாது.) மீட்புக்கு விலையும் இருந்தது. நரசிம்மன் சோழ அரசை நிலைநிறுத்தியவன் என்று பட்டம் சூடினான். அவன் மகன் சோமேசுவரனோ திருவரங்கத்துக்கு அருகே கண்ணனூரில் தலைநகரே அமைத்துக்கொண்டான். காவிரி பிரிந்து பாயும் தலைப்பிலேயே அயலவர் அமர்ந்துவிட்ட பிறகு கீழே தஞ்சையில் எவர் ஆண்டால் என்ன?

உறையூர்ப் புலவர்:

நண்பர் பிற்பகுதியிலிருந்து தொடங்குகிறார். தெள்ளாற்றுக்கு முன்பே முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்து, ஆயிரத்தளியில் வீராபிடேகம் என்னும் வெற்றி முடிசூட்டு செய்துகொண்டு, நாட்டைச் சோழருக்கே திருப்பித் தந்து, ‘சோணாடு வழங்கியருளிய’ என்று தன் பெயருக்கு முன்னே எழுதிக்கொண்டான். முடி பிறர் கொடையாக மாறியது அன்றுதான். தெள்ளாறு அதை ஊரறியச் செய்தது, அவ்வளவே.

குடந்தைவாசி:

அந்தக் கொடையைப் பெற்றவன் மூன்றாம் குலோத்துங்கன் அல்லவா? தந்தை காலத்து இழிவை மகன் தலையில் ஏற்றுவது முறையா?

உறையூர்ப் புலவர்:

பழியை ஏற்றவில்லை, அவன் பெற்ற முடி எத்தகையது என்று மட்டுமே சொன்னேன். பாண்டியன் கொடுத்ததைக் காக்கும் வலிமையும் அவனிடம் இருக்கவில்லை என்பது வேறு செய்தி. இன்னொன்றையும் கருதுங்கள்: கோப்பெருஞ்சிங்கன் பெயரில் தனியரசுக்குரிய ஆட்சியாண்டுகள் 1243 முதல்தான் எண்ணப்படுகின்றன. சோழ அரசனே தங்கள் கையில் அகப்பட்டும் காடவர் அவ்வளவு காலம் காத்திருக்கிறார்கள். ஆகவே சோழரின் பெயருக்கு நாட்டு மக்களிடம் அப்போதும் மதிப்பு இருந்தது. பெயரைத் தாங்குபவனுக்குத்தான் இல்லை என்று கொள்கிறேன்.