கீசருக்குத் தமிழ் என்ன? வியாழன் இரவுக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

வருகிற சனிக்கிழமை எங்கள் வாரயிறுதித் தமிழ் வகுப்புக் குடும்பங்கள் எல்லாம் ஆக்லாந்திலிருந்து ரோட்டோருவா பக்கம் ஒருநாள் பயணம் போகிறோம். அங்கே வை-ஓ-டாப்பு வெந்நீர்ப் பூங்காவில் லேடி நாக்ஸ் என்ற கீசர் காலை 10:15க்குப் பொங்கும், அதற்குள் போய்ச் சேர விடியும் முன்பே கிளம்ப வேண்டும், அது என் கவலை. குழுவுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன்.

பிள்ளைகள் கையில் கொடுக்க நான்கு பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். "இங்கே கீசர்கள் உண்டு" என்று எழுதி என் கணவரிடம் காட்டினேன். "அதைப் பார்க்க மூணு மணி நேரம் காரோட்டணுமா, ஊர்ல நம்ம பாத்ரூம்லயே இருந்துச்சே" என்றார். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது, பயணத்துக்கு வரும் தாத்தா பாட்டிகளும் அப்படித்தான் படிப்பார்கள் என்று.

எனக்கு நான்கு சொல் வேண்டும். சும்மா தேங்கி ஆவி பறக்கும் ஊற்று. விட்டு விட்டு உயரப் பீறிடும் கீசர். தண்ணீர் இல்லாமல் நீராவியும் வாயுவும் மட்டும் வரும் ஃப்யூமரோல். அப்புறம் கொதிக்கும் சேற்றுக் குட்டை. முதலாவதற்கு வெந்நீர் ஊற்று இருக்கிறது. மற்ற மூன்றுக்கும் வழி சொல்லுங்கள். வியாழன் இரவு அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயது, மனம் இரங்கி எளிமையாகச் சொல்லுங்கள்.

வகுப்பு ஆசிரியை

*

மறுமடல்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புள்ள அம்மா,

முதலில் 'ஊற்று' என்பதையே கீசருக்கு ஆகாது என்று தள்ளிவிடுங்கள். ஊறுவது ஊற்று. "தொட்டனைத் தூறும் மணற்கேணி" என்றாரே வள்ளுவர், தோண்டத் தோண்ட மெல்லக் கசிந்து சேர்கிற நீர் அது. முப்பது மீட்டர் உயரத்துக்கு எகிறுவதைப் போய் ஊறுகிறது என்றால் மொழிக்கே அடுக்காது.

எழுகிற நீர், ஆகவே 'எழுநீர்'. வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும். நேற்று எழுந்தது, இன்று எழுகிறது, நாளை 10:15க்கு எழும். இதைவிடப் பொருத்தம் ஏது?

*

மறுமடல்: திருகோணமலைக்காரன், இப்ப வெலிங்டன்

ஐயா, எழுநீர் வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் எழு என்றால் ஏழும்தானே, குறளிலேயே எழுமை ஏழு பிறப்பு என்றுதானே படிப்பிச்சினம். எங்கட கன்னியாவில வெந்நீர்க் கிணறுகள் சரியாக ஏழு. எழுநீர் என்று நீங்கள் எழுதினால் எங்கட ஆக்கள் அதைத்தான் நினைப்பினம். இராவணன் தாயின்ர ஈமக்கடனுக்காக உண்டாக்கினது என்று சொல்லுற இடம். அதில ஒன்றும் எகிறாது, வாளியில அள்ளிக் குளிக்கிறதுதான். பக்கத்தில எரிமலையும் இல்லை.

இன்னொன்று. எங்கட வீட்டில குளிக்கிற தண்ணி சுடவைக்கிறதை ஹீற்றர் என்றுதான் சொல்லுறது. கீசர் என்றால் குளியலறை என்கிறது உங்கட பக்கத்துப் பிரச்சினை.

*

மறுமடல்: நிலவியல் படித்தவன்

சொல் தேடுவதற்கு முன்னால் பொருளைப் பார்ப்போமா? வெந்நீர் ஊற்றுக்கும் கீசருக்கும் வித்தியாசம் சூட்டில் இல்லை, குழாயில் இருக்கிறது. நிலத்தடியில் நீர் ஏறிவரும் பாதை ஓரிடத்தில் குறுகலாக இருக்க வேண்டும். அடியில் அழுத்தம் அதிகம் என்பதால் அங்கே நீர் 100 பாகை செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். மேலே கொஞ்சம் வழிந்தால் போதும், அழுத்தம் குறைந்து அடியிலிருப்பது சட்டென்று ஆவியாகும். ஆவிக்கு நீரைவிட ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் வேண்டும், அந்த இடத்தை அது மேலே இருக்கும் நீரைத் தூக்கி எறிந்துதான் எடுத்துக்கொள்ளும். பிறகு அடங்கி, மறுபடி நிரம்பி, மறுபடி சூடேறும். ஆக, சொல்லில் இரண்டு வேண்டும்: வேகம், இடைவெளி.

இடைவெளியைச் சொல்லுக்குள் திணிக்க என்னால் முடியவில்லை. வேகத்துக்கு 'சீறு' இருக்கிறது. என் பரிந்துரை 'சீறூற்று'.

ஒரு உபதகவல், கையேட்டில் சேர்க்கலாம். உங்கள் கணவர் சொன்ன நகைச்சுவை ரோட்டோருவாவில் உண்மையாகவே நடந்தது. ஊர்க்காரர்கள் வீட்டுச் சூட்டுக்கும் குளியலுக்கும் ஆழ்துளை போட்டு நிலத்தடி வெந்நீரை இஷ்டத்துக்கு எடுத்ததில் கீசர்கள் சோர்ந்து போயின. 1980களில் அரசு தலையிட்டு, போஹுட்டு கீசரிலிருந்து 1.5 கிலோமீட்டருக்குள் இருந்த துளைகளை மூடவைத்தது. அதன் பிறகுதான் நிலைமை தேறியது. பாத்ரூம் கீசர் நிலத்துக் கீசரைக் கொல்லப் பார்த்த கதை.

*

மறுமடல்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

> என் பரிந்துரை 'சீறூற்று'

தம்பி, அறிவியல் விளக்கம் அருமை, சொல் ஆகாது. சிறுமை + ஊர் = சீறூர். சிறுமை + அடி = சீறடி. நன்னூல் 136, ஈறு போதல், ஆதி நீடல், அதாவது கடைசி எழுத்து போகும், முதலெழுத்து நீளும். இலக்கணம் அறிந்தவன் சீறூற்றைக் கண்டால் 'சின்ன ஊற்று' என்றுதான் படிப்பான். புறநானூறு முழுக்கச் சீறூர் மன்னர்கள்தான், அவர்கள் யாரும் யாரையும் பார்த்துச் சீறிய ஊர் என்பதால் அந்தப் பெயர் வரவில்லை. மேலும் ஊற்று வேண்டாம் என்று காலையில்தான் எழுதினேன், மாலையில் திரும்ப வந்துவிட்டது.

*

மறுமடல்: நிலவியல் படித்தவன்

ஐயா, சீறூர் தெரிந்தவர்கள் இந்தக் குழுவில் ஒரு பத்துப் பேர் இருப்போம். அந்தப் பேருந்தில் ஏறப்போகும் பிள்ளைகளில் ஒருவரும் இல்லை. அவர்களுக்குச் சீறுவது பாம்பு மட்டுமே.

(ஆனால் யோசித்தால் நானே தவறு. 'ஸ்ஸ்ஸ்' என்று நிற்காமல் சீறுவது ஃப்யூமரோல்தான். சீறு என்பதை அதற்கு ஒதுக்கலாம். 'சீறுதுளை'? புகைத்துளை என்று எழுதாதீர்கள், வருவது நீராவி, புகை இல்லை. லத்தீன்காரனே அதைப் புகை என்று நினைத்துத்தான் பெயர் வைத்தான் என்பது வேறு விஷயம்.)

*

மறுமடல்: மென்பொருள் தமிழாக்கம் செய்பவள்

நான் ஒரு வேண்டாத ஆள் வேலை செய்கிறேன். கீசரைக் கீசர் என்றே விட்டால் என்ன?

அது ஆங்கிலச் சொல்கூட இல்லை. ஐஸ்லாந்தில் கெய்சிர் என்று ஒரே ஒரு ஊற்றின் பெயர், பீறிடு என்ற பொருள் தரும் அவர்கள் வினைச்சொல்லிலிருந்து வந்தது. அந்தத் தனிப்பெயரை உலகம் முழுக்கப் பொதுப்பெயராக்கிக்கொண்டது. ஆங்கிலேயனே கலைச்சொல் குழு வைத்துச் சண்டை போடவில்லை, அப்படியே எடுத்துக்கொண்டான். அதன் பிறகு தண்ணீர் காய்ச்சும் பெட்டிக்கு அதே பெயரை வைத்து நம்மைக் குழப்பியதும் அவன்தான்.

தமிழ்தான் வேண்டும் என்றால் நேராக 'வெந்நீர்ப் பீச்சு' என்று போடுங்கள். பீச்சாங்குழல் தெரியாத பிள்ளை உண்டா?

*

மறுமடல்: குழு நிர்வாகி

பீச்சாங்குழல் தெரியும். பீச்சாங்கையும் தெரியும். வகுப்பில் ஒரு பையன் அதைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தால் ஆசிரியையால் அன்று முழுவதும் அடக்க முடியாது. இந்தச் சொல்லை மட்டும் என் அதிகாரத்தைப் பயன்படுத்தித் தள்ளுபடி செய்கிறேன்.

*

மறுமடல்: சொற்பிறப்பில் ஆர்வமுள்ளவன்

எல்லோரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. வை-ஓ-டாப்பு, வைமாங்கு. மாவோரி மொழியில் 'வை' என்றால் நீர். நம் மதுரையில் ஓடுவது வையை! நீருக்கு வை, ஆற்றுக்கு வையை. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? நியூசிலாந்திலேயே தமிழ் எழுத்துப் பொறித்த வெண்கல மணி கிடைத்திருக்கிறதே. கொலென்சோ என்ற பாதிரியார் கண்டபோது மாவோரிப் பெண்கள் அதில் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்களாம். இன்று வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே கீசருக்கு 'வையெழு' என்று வைத்தால் இரு மொழிக்கும் பாலம்…

*

மறுமடல்: திருகோணமலைக்காரன்

அந்த மணியில முகையதீன் வக்குசு என்றவரின்ர கப்பல் மணி என்றுதான் பொறிச்சிருக்கு. ஆரோ ஒரு மரைக்காயர் கப்பலில இருந்து வந்திருக்கலாம். அதை வைச்சு வையையை நியூசிலாந்துக்கு இழுக்கேலாது அண்ணை.

*

மறுமடல்: குழு நிர்வாகி

மணி பற்றித் தனி இழை 4 ஆண்டுகளாகத் திறந்தே இருக்கிறது. அங்கே போங்கள்.

*

மறுமடல்: நிலவியல் படித்தவன்

இருந்தாலும் மாவோரிப் பெயர்களிலிருந்து ஒன்று கற்கலாம். அவர்கள் கண்ணில் பட்டதைப் பெயராக்கினார்கள். போஹுட்டு என்றால் தெறிப்பு. வைமாங்கு என்றால் கறுப்பு நீர். அங்கே 1900 முதல் 1904 வரை ஒரு கீசர் இயங்கியது, சேறும் கல்லுமாகக் கறுப்பாக 400 மீட்டருக்கும் மேல் எறிந்தது, 1903இல் நான்கு பேரைக் கொன்றது. உலகம் கண்ட கீசர்களிலேயே பெரியது அதுதான். அந்தப் பள்ளத்தாக்கே 1886 ஜூன் 10 டாராவெரா எரிமலை வெடிப்பில் பிறந்தது. நாம் ஊறுகிறதா எழுகிறதா என்று அடித்துக்கொள்கிறோம், அவர்கள் தெறிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். 'தெறிநீர்' எப்படி?

*

மறுமடல்: மென்பொருள் தமிழாக்கம் செய்பவள்

இன்றைய பிள்ளைகளுக்குத் 'தெறி' என்றால் அட்டகாசம் என்று பொருள். தெறிநீர் என்றால் ஏதோ சோடா விளம்பரம் என்று நினைப்பார்கள். ஆனால் கெடுதல் இல்லை, எனக்குப் பிடித்திருக்கிறது.

*

மறுமடல்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தெறித்தல் சொட்டுச் சொட்டாகச் சிதறுவது. தாளிக்கும்போது கடுகு தெறிக்கும். இது கம்பமாக எழுவது. எழுநீரில் என்ன குறை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை, கன்னியாவைத் தவிர.

சேற்றுக் குட்டையை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அதற்கு இட்டுக்கட்டவே வேண்டாம், 'அளறு' இருக்கிறது. குழைசேறு என்றும் பொருள், நரகம் என்றும் பொருள். "தான்புக் கழுந்தும் அளறு" என்கிறது குறள். கொதிக்கும் சேற்றைப் பார்த்தவன்தான் நரகத்துக்கு அந்தப் பெயர் வைத்திருக்க வேண்டும்.

*

மறுமடல்: வகுப்பு ஆசிரியை (வியாழன், இரவு 10:40)

ஐயா, பெற்றோர் கையெழுத்திடும் படிவத்தில் "அளறு காணச் செல்கிறோம்" என்று நான் எப்படி எழுதுவது? ஏற்கெனவே பக்கத்தில் ஹெல்ஸ் கேட், அதாவது நரக வாசல், என்று ஓர் இடம் இருப்பதைப் பார்த்து ஒரு பாட்டி பயந்துபோயிருக்கிறார்.

நேரம் இல்லை. எண்ணிப் பார்த்தேன். மூன்று பேர் ஏதோ ஒரு வடிவில் பீறிடுவது என்று சொல்லியிருக்கிறீர்கள், அதில் நானும் ஒருத்தி. கையேட்டில் 'பீறிடும் ஊற்று' என்று போகிறது. ஃப்யூமரோலுக்கு 'ஆவித்துளை', சீறுதுளை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் படிக்கும்போது நாக்கு சுளுக்கியது. சேற்றுக்குக் 'கொதிசேறு'. மன்னிக்கவும், நன்றி.

*

மறுமடல்: மென்பொருள் தமிழாக்கம் செய்பவள்

பீறிடும் ஊற்று கலைச்சொல் அல்ல, அது விளக்கம். "பீறிடும் ஊற்றுகள் பீறிடும்போது" என்று ஒரு வாக்கியம் எழுத நேர்ந்தால் தெரியும். போகட்டும், நல்லபடியாகப் போய் வாருங்கள்.

*

மறுமடல்: வகுப்பு ஆசிரியை (ஞாயிறு)

போய் வந்தாயிற்று. மழை இல்லை. எல்லோர் துணியிலும் அழுகிய முட்டை வாசம், இரண்டு முறை துவைத்தும் போகவில்லை, ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று பெரிய பையன் விளக்கினான். வை-ஓ-டாப்புவில் உள்ள ஷாம்பெய்ன் குளம் என்ற வெந்நீர்க் குளத்தின் ஆரஞ்சு விளிம்பைப் பார்த்துச் சின்னவர்கள் பழரசம் என்றார்கள். ஆர்செனிக்கும் ஆன்டிமனியும் சேர்ந்த கந்தகப் படிவு என்று சொன்னதும் கைப்பிடிக் கம்பியை விட்டே இரண்டடி தள்ளி நடந்தார்கள், அந்த வகையில் பயம் உதவியது.

சொல் பற்றிச் சொல்ல வேண்டும். லேடி நாக்ஸ் தானாகக் குறித்த நேரத்தில் பொங்குவதில்லை. ஒருவர் வந்து சவர்க்காரத்தை அதன் வாயில் போடுகிறார். அது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துக் கிளப்பிவிடுகிறது. நூறாண்டுக்கு முன்பு கைதிகள் அங்கே துணி துவைத்தபோது தற்செயலாகத் தெரிந்ததாம். சுற்றிலும் அவர்கள் கல் அடுக்கியதால்தான் இவ்வளவு உயரம்.

அந்த ஆள் பையை எடுத்ததும் எங்கள் பிள்ளைகள் கையேட்டை ஆட்டிக்கொண்டு "ஊற்று! ஊற்று!" என்று கத்த ஆரம்பித்தார்கள். எனக்குப் பெருமை. அப்புறம்தான் புரிந்தது, அவர்களுக்கு ஊற்று என்றால் 'ஊத்து', அதாவது அந்த மனிதரைச் சீக்கிரம் ஊற்றச் சொல்கிறார்கள். வீட்டில் அவர்கள் கேட்டது சாம்பார் ஊற்று, பால் ஊற்று மட்டும்தான், நிலத்தில் ஊறும் ஊற்றை எங்கே பார்த்தார்கள்? முதலில் நுரை வழிந்தது. பிறகு ஒரே எகிறு. கத்தல் நின்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

*

மறுமடல்: நிலவியல் படித்தவன்

அப்போது ஊற்று தோற்றது. தெறிநீர்.

*

மறுமடல்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஊற்று வேண்டாம் என்று முதல் மடலிலேயே எழுதியவன் நான், காரணம்தான் வேறு. கொதிசேறு என்பதில் ஒற்று மிகாமல் சரியாகப் போட்டிருக்கிறீர்கள் அம்மா, வாழ்த்துகள். ஆனால் அளற்றை நான் விடுவதாக இல்லை. தனி இழை தொடங்குகிறேன்.