ஆந்த்ரே ஹாஸெஸ் பாடகருக்கு ஃபுட்பால் ஸ்டேடியத்துல இறுதி அஞ்சலி, அப்படி யாருங்க இவரு?

இசைப்பித்தன்:
ஆம்ஸ்டர்டாம் ஃபுட்பால் கிளப் அயாக்ஸோட ரசிகர்கள் ஸ்டேடியம் முழுக்க சேர்ந்து ஒரு பாட்டு பாடுற வீடியோ பாத்தேன், ‘ப்ளுட், ஸ்வேட் என் ட்ரானன்’னு பேரு. யாரு பாடுனதுன்னு தேடுனா ஆந்த்ரே ஹாஸெஸ்னு வந்துச்சு, 2004ல இறந்துட்டாராம், உடலை ஆம்ஸ்டர்டாம் அரீனா மைதானத்து நடுவுல வச்சு அஞ்சலி செலுத்தியிருக்காங்க, கிட்டத்தட்ட 50,000 பேர் வந்திருக்காங்க. நெதர்லாந்துக்கு வெளிய யாருக்கும் பெருசா தெரியாத ஆளுக்கு எப்படி இவ்ளோ கூட்டம்? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்.

வடகடல்:
வெளிய தெரியாததுக்கும் உள்ள இவ்ளோ கொண்டாடுறதுக்கும் காரணம் ஒண்ணுதான். அவர் பாடுனது டச்சுல, அதுவும் ஆம்ஸ்டர்டாம் தெருவுல பேசுற டச்சுல. பிறந்தது 1951, டி பைப் ஏரியா, அப்போ அது ஏழைத் தொழிலாளிங்க குடும்பம் குடும்பமா நெருக்கி இருந்த இடம். எட்டு வயசுல ஆல்பர்ட் கைப் சந்தையில நின்னு காசுக்குப் பாடிட்டு இருந்தப்போ ஜானி க்ராய்காம்ப்ங்குற நடிகர் பாத்துட்டு டிவிக்கு கூட்டிட்டுப் போயிட்டாரு. ரெக்கார்டும் வந்துச்சு, ஆனா ஓடல. அப்புறம் வருஷக்கணக்கா கிடைச்ச வேலையெல்லாம் பாத்தாரு, கடைசியா பார்ல பீர் ஊத்திக் கொடுத்துக்கிட்டே பாடுறவரா ஊருக்குள்ள பேர் வாங்குனாரு. எனக்கு இதுதான் முக்கியமா படுது, எதிர்ல உக்காந்து குடிக்கிறவன் மனசுல என்ன ஓடுதுன்னு தினமும் பக்கத்துல இருந்து பாத்த ஆளு, பின்னாடி எழுதுனதும் அதைத்தான்.

ராகமாலிகா:
வடகடல் சொன்னது சரி. 1976ல வந்த ‘ஏன்சாமே கெர்ஸ்ட்’தான் திருப்புமுனை. கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஜெயில்ல தனியா கிடக்குற ஒருத்தன் பாடுற மாதிரி அவரே எழுதுனது. வில்லி ஆல்பர்ட்டின்னு அப்போ பெரிய பாடகர், அவருக்காக எழுதிக் கொண்டு போனா, நீயே பாடுப்பான்னு அவர் சொல்லிட்டாரு. அடுத்து ‘டி ஃப்லீகர்’, அதுல பிறந்தநாளுக்குப் பட்டம் கேட்ட சின்னப் பையன் செத்துப்போன அம்மாவுக்கு ஒரு லெட்டரை அந்தப் பட்டத்துல கட்டி மேல அனுப்பப் பாக்குறான், அப்பன் பக்கத்துல நின்னு பாக்குறான், அவ்ளோதான் பாட்டு. எழுத்துல படிச்சா ரொம்ப சென்டிமென்ட்டா தெரியும், அந்தக் குரல்ல கேட்டா அப்படித் தோணாது, எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைச்சிடும். இந்த வகைக்கு அங்க லேவன்ஸ்லீட்னு பேரு, காதல், பிரிவு, குடி, தனிமைன்னு சாதாரண ஜனங்க வாழ்க்கையைப் பத்தின பாட்டு. படிச்ச கூட்டம் ரொம்ப நாள் இதை மட்டமாத்தான் பாத்துச்சு.

இசைப்பித்தன்:
நன்றி ரெண்டு பேருக்கும். அப்புறம் எப்படி எல்லாரும் ஏத்துக்கிட்டாங்க?

வடகடல்:
80கள்லயே அவர் பெரிய ஸ்டார்தான், 1981ல ‘கவோன் ஆந்த்ரே’ ஆல்பம் வந்தப்புறம் நிக்கவே நேரமில்ல, மறு வருஷம் கிளாசிக்கல் கச்சேரி நடக்குற கான்செர்ட்கெபவ்லயே மேடை ஏறிட்டாரு. ஆனா வேற கூட்டமும் உள்ள வந்தது 1999ல ஜான் ஆப்பல் எடுத்த டாக்குமென்டரிக்கு அப்புறம்தான். தொப்பியும் கருப்புக் கண்ணாடியுமா மேடையில நிக்கிற ஆளு, வீட்டுல எவ்ளோ பயத்தோட, குடியோட, கல்யாணம் நிலைக்குமாங்குற கவலையோட இருக்காருன்னு ஒளிக்காம காட்டுச்சு. பாட்டுல இருக்குறதும் ஆளும் ஒண்ணுன்னு அப்பதான் நிறைய பேருக்கு உறைச்சுது.

கடைசி வருஷங்கள்ல காது கேக்குறது குறைஞ்சு போச்சு, பாடுறவனுக்கு அதைவிட என்ன கொடுமை வேணும். 53 வயசுல மாரடைப்பு, 2004 செப்டம்பர் 23. நாலு நாள் கழிச்சுதான் நீங்க சொன்ன அந்த அரீனா அஞ்சலி. நீங்க கேட்ட பாட்டு அவர் இருக்கும்போதே வந்தது, ஆனா இறந்தப்புறம்தான் நம்பர் ஒன் ஆச்சு.

தெருப்பாடகன்:
ஒண்ணு விட்டுட்டீங்க, அவர் சாம்பல்ல ஒரு பகுதியை ஒரு வருஷம் கழிச்சு ஹூக் ஃபான் ஹாலண்ட் கடற்கரையில ராக்கெட் வாணத்துல வச்சு வானத்துக்கு அனுப்புனாங்க. 2005லயே ஆல்பர்ட் கைப் சந்தையில சிலையும் வச்சுட்டாங்க, சின்ன வயசுல நின்னு பாடுன அதே தெரு. இசைப்பித்தன், நீங்க கேக்குறதா இருந்தா ஸ்டுடியோ ரெக்கார்டிங்ல ஆரம்பிக்காதீங்க, லைவ் எடுங்க. ‘ஸை கெலோஃப்ட் இன் மை’ லைவ்ல பாதி வரியை ஜனங்கதான் பாடுவாங்க, உங்க கேள்விக்கு அதுலயே பதில் இருக்கு.