மறு: எட்ஜ் டிவைஸ் சிமுலேட்டர் – ஒரே சொல் போதாது

நண்பர்களுக்கு வணக்கம்.

எட்ஜ் டிவைஸ் என்பது களத்திலேயே இருந்து தரவைத் திரட்டி அனுப்பும் சிறு கருவி; அது கையில் இல்லாமலே நிரலைச் சோதிக்க உதவுவது சிமுலேட்டர். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை: பாவனைக் கருவி, போலி, போலியக்கி, உருவகப்படுத்தி, போன்மி. எல்லாமே சிமுலேட்டர் என்ற ஒரே சொல்லுக்கு. ஆனால் நாம் மொழிபெயர்க்க உட்கார்ந்திருக்கும் ஆவணத்தில் அந்தச் சொல் மூன்று வேறு வேலைகளுக்கு வருகிறது. அதைப் பிரிக்காமல் சொல் தேடினால் இழை இன்னும் நூறு மடல் ஓடும்.

> எமுலேட்டர், சிமுலேட்டர் இரண்டும் பயனருக்கு ஒன்றுதானே ஐயா?

நிரல் எழுதுபவருக்கு ஒன்றல்ல. கியூஎமு, ரீநோட் போன்ற எமுலேட்டர்கள் சில்லின் கட்டளைகளையே ஒவ்வொன்றாக நடத்திக் காட்டுகின்றன. கருவியில் ஏற்றவேண்டிய அதே பைனரி கோப்பு (தொகுத்து முடித்த நிரல்) நம் மடிக்கணினியில் ஓடும். பிழை தேடும் கருவியான ஜிடிபியை மாட்டி, பிழை இருக்கும் வரியில் நிறுத்தி, சில்லின் உள்ளே இருக்கும் ரெஜிஸ்டரில் (பதிவேட்டில்) என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். இது ஒரு வகை.

இன்னொன்று, ‘நான்தான் கருவி’ என்று சொல்லிக்கொண்டு 1883ஆம் போர்ட்டில் இருக்கும் எம்கியூடிடி புரோக்கருக்கு (கருவிகளின் செய்திகளை வாங்கிப் பகிரும் இடைத்தரகு நிரலுக்கு) வெப்பநிலையை அனுப்பும் பத்து வரிப் பைத்தான் நிரல். அங்கே சில்லும் இல்லை, ஃபர்ம்வேரும் (சில்லில் ஏற்றும் நிரலும்) இல்லை. கருவியின் பேச்சு மட்டும் இருக்கிறது. மேகப் பக்க (கிளவுடில் ஓடும்) நிரலைச் சோதிக்க அது தாராளமாகப் போதும்.

மூன்றாவதுதான் குழப்பம். மைக்ரோசாஃப்டின் அஷூர் ஐஓடி எட்ஜுக்கு என்று வந்த உருவாக்குநர் கருவி தன்னை சிமுலேட்டர் என்றே அழைத்துக்கொள்கிறது. ஆனால் அது ஓட்டுவது நாம் எழுதிய நிஜ மாட்யூல்களை (நிரல் பகுதிகளை), நிஜ டாக்கர் கலன்களில் (நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டிகளில்). இல்லாதது கருவி மட்டும்தான். சிறு கருவிகளுக்கான செஃபிர் இயங்குதளத்தின் நேட்டிவ் சிம்மும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான்: அதே மூலநிரல், லினக்ஸ் நிரலாகத் தொகுக்கப்பட்டு ஓடும். அதே பைனரி அல்ல.

சரி, இனி சொற்கள்.

> பாவனை நல்ல சொல். சின்னதாகவும் இருக்கிறது.

தமிழ்நாட்டுக் காதுக்கு அப்படித்தான். இலங்கையில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயன்படுத்துபவர். மெனுவில் ‘பாவனைக் கருவி’ என்று எழுதினால் யாழ்ப்பாணத்தில் அதைப் படிப்பவர், இப்போது பயன்பாட்டில் இருக்கும் நிஜக் கருவி என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. நேரெதிர் பொருள். இந்தச் சொல்லை விட்டுவிடலாம்.

> போலி என்பதில் என்ன தவறு? இலக்கணத்திலேயே இருக்கிறதே.

இருக்கிறது. பந்தல் பந்தர் ஆவதும் ஐந்து அஞ்சு ஆவதும் போலிதான். எழுத்து மாறும், பொருள் மாறாது. எமுலேட்டருக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்காது என்று எனக்கும் சபலம் தட்டியது. ஆனால் நாளிதழில் போலி மருத்துவர், போலிச் சான்றிதழ் என்று படித்துப் பழகியவருக்கு ‘போலிக் கருவி இணைக்கப்பட்டது’ என்ற செய்தி திரையில் வந்தால், யாரோ ஊடுருவிவிட்டதாக வயிற்றைக் கலக்கும். போலியக்கி இன்னும் மோசம். கணினியின் டிரைவர் நிரலுக்கு ‘இயக்கி’ நிலைத்துவிட்டது, ஆகவே அது போலி டிரைவர் என்றுதான் படிக்கப்படும்.

கட்டளைக்குக் கட்டளை நடத்தும் எமுலேட்டருக்கு ‘நிகரி’ என்று வைத்துக்கொள்ளலாம். மெய்நிகர் ஏற்கெனவே புழங்குவதால் புதிதாக உறுத்தாது, வினையும் கையோடு வருகிறது: ‘கியூஎமு இந்தச் சில்லை நிகர்க்கிறது’. கருவியின் பேச்சை மட்டும் போலச் செய்யும் நிரலுக்குப் போன்மி. ஏன் இரண்டையும் பிரித்தே ஆகவேண்டும் என்பதற்கு டிஎஸ்18பி20 வெப்ப உணரியைப் பாருங்கள். மின்சாரம் வந்ததும் அதன் பதிவேட்டில் இருப்பது 85 டிகிரி. 12 பிட் துல்லியத்தில் ஓர் அளவை எடுக்க அதற்கு 750 மில்லி வினாடி வரை தேவை. அதற்குள் அவசரப்பட்டுப் படித்தால் அந்த 85தான் கைக்கு வரும். ஒயர் கழன்றுவிட்டால் ஆர்டுயினோ பலகையில் வேலை செய்யும் ஆட்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நிரல் நூலகம் -127 என்று திருப்பித் தரும். நம் போன்மியோ 2க்கும் 8க்கும் இடையில் ரேண்டமாக ஓர் எண்ணைச் சமர்த்தாக அனுப்பிக்கொண்டே இருக்கும். குளிர்பதனக் கிடங்கின் எச்சரிக்கை நிரல் அதனிடம் எல்லாத் தேர்விலும் தேறிவிடும். நிஜக் கருவியில் மின்சாரம் போய்வந்த மறுநொடி 85 டிகிரி என்று எல்லாருக்கும் குறுஞ்செய்தி பறக்கும். நிகரியும் இதைத் தானாகக் காட்டாது, யாராவது அந்த உணரிக்கு மாதிரி எழுதியிருக்க வேண்டும். ஆனாலும் எதை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு வேறு. சொல்லும் வேறாக இருந்தால் ஆவணத்தில் பாதி விளக்கம் மிச்சம்.

மூன்றாவதற்கு, அதாவது கருவி இல்லாமல் முழு அமைப்பையும் நம் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் செயலுக்கு, ‘ஒத்திகை’. சுனாமி ஒத்திகை, தீத்தடுப்பு ஒத்திகை என்று ஊருக்கே தெரிந்த சொல். ஆபத்து நிஜமல்ல, ஓடுகிற ஆட்கள் நிஜம். டாக்கர் கலன்களும் அப்படித்தான். லினக்ஸின் நெட்எம் கருவியை வைத்து இணைப்பில் தாமதத்தையும் பொதி இழப்பையும் வேண்டுமென்றே புகுத்துவதும் ஒத்திகையில் அடங்கும். டிரை ரன் (எதையும் நிஜமாக மாற்றாமல் கட்டளையை ஓட்டிப் பார்ப்பது) என்பதற்கும் ஒத்திகையைச் சிலர் எழுதுகிறார்கள், தெரியும். அங்கே ‘வெறும் ஓட்டம்’ என்று எழுதினால் போயிற்று. நிஜக் கருவிகள் நாலைந்தைக் களத்தில் வைத்துப் பார்ப்பதற்குத் தேர்க்காரர்கள் சொல்லும் வெள்ளோட்டம் இருக்கவே இருக்கிறது.

அப்புறம் இரண்டு சில்லறை விஷயங்கள். எட்ஜுக்கு விளிம்பு சரி, ‘விளிம்புக் கருவி’ என்று நிறுத்திக்கொள்வோம். ஒரு வரைவில் ‘விளிம்புநிலைக் கருவி’ என்று பார்த்தேன். அதற்கு இடஒதுக்கீடு கேட்கத் தோன்றுகிறது. லோக்கல் என்பதை ‘உள்ளூர்’ என்று போடவேண்டாம், ‘உள்ளூர் நிகரி’ என்றால் கோயம்புத்தூரில் செய்தது போல இருக்கிறது. ‘உங்கள் கணினியில்’ என்று நீட்டி எழுதினால் இடம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

வெள்ளோட்டம் என்ற சொல் இலங்கை, மலேசிய நண்பர்களுக்கு இதே பொருளில் பழக்கமா? ஆம் என்றால் ஞாயிற்றுக்கிழமை சரங்களை (மொழிபெயர்த்த வரிகளை) மாற்றி ஏற்றிவிடுகிறேன்.